பூத் டூட்டிக்கு உள்ளூர்க்காரரைப் போட்டால் என்ன?

பரமக்குடி வாத்தியார்:
அடுத்த தேர்தலுக்குப் பயிற்சி வகுப்பு ஆணை வருவதற்குள் இதைப் பேசிவிடலாம். 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலில் எனக்குத் திருவாடானை தொகுதியில் ஒரு கடலோரக் கிராமம் விழுந்தது. எந்த பூத் என்பதே முதல் நாள் பெட்டி வாங்கும்போதுதான் தெரிந்தது. போய்ச் சேர சாயங்காலம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ராத்திரி முழுக்கக் கொசு. காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு.

சாயங்காலம் ஆறுக்கு ஓட்டு முடிந்தது. சீல் வைத்து, படிவம் எழுதி, பெட்டியை ஏற்ற வண்டி வரும்போது மணி பதினொன்றரை. எங்கள் குழுவில் இருந்த இரண்டு டீச்சர்களுக்கு அதற்கு மேல் ஏது பஸ்?

உள்ளூர் டீச்சரைப் போட்டால் அவர் வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் தூங்கி, விடிகாலை வந்துவிடுவார். மெஷின் ஆளைப் பார்த்தா வேலை செய்கிறது? யாருக்கு எந்த ஊர் பூத் என்று கணினியில் குலுக்கி வெளியூர்க்காரரை அனுப்புகிறார்களே, எதற்கு இந்தக் கணினிக் குலுக்கல்?

கீழக்கரை ஏஜென்ட்:
வாத்தியார் சார், கஷ்டம் உண்மை. மருந்துதான் தப்பு. அதே தேர்தலில் நான் வேட்பாளர் தரப்பு பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தேன். நம்ம ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் அன்று இரண்டு பேலட் யூனிட், அதாவது பெயர், சின்னம், பொத்தான் உள்ள மெஷின் இரண்டு. முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில் இன்னும் சிலர் நின்றார்கள். ஒரு பாட்டி உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, "இத்தனை பன்னீர்செல்வம் இருக்காகளே, எது யாருன்னு சொல்லுங்கய்யா" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். தலைமை அலுவலர் வெளியூர்க்காரர். "சின்னத்தைப் பார்த்து நீங்களே அழுத்துங்கம்மா, நான் எதுவும் சொல்லக்கூடாது" என்றார். ஏஜென்ட் பெஞ்சில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாற்காலியில் எங்கள் தெருக்காரர் இருந்திருந்தால்? அவர் மூக்கைச் சொறிந்திருந்தாலே போதும். "அந்தப் பக்கம் ஜாடை காட்டினார்" என்று மறுநாள் டீக்கடையில் தீர்ப்பு எழுதியிருப்பார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், யார் நம்புவார்?

பாம்பன் நாட்டுப்படகு:
எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க ஏஜென்ட் அண்ணே. ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகு கரையில் நிற்கும். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. அன்றைக்கும் முந்தின நாள் போட்ட வலையை எடுத்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் கரைக்கு வந்தேன். நேராக பூத்துக்குப் போனேன். கையில் பூத் சிலிப் மட்டும். "அடையாள அட்டை எங்கே?" என்றார்கள். வெயிலில் திரும்ப வீட்டுக்கு நடந்தேன். உள்ளூர் சார் இருந்திருந்தால் என் அப்பாவையே தெரிந்திருக்கும்.

எங்க தெருவில் ஒரே பெயரும் ஒரே அப்பா பெயருமாக நாலு பேர் இருக்கிறோம். பட்டியலில் யார் எந்த எண் என்று தேடி முடிக்க அந்த வெளியூர் மேடத்துக்கு வேர்த்துவிட்டது. வரிசை ரோடு வரைக்கும் நின்றது.

ஓய்வுபெற்ற தேர்தல் பிரிவு எழுத்தர்:
தம்பி, பூத் சிலிப் 2019-லிருந்தே அடையாளச் சான்று இல்லை. வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக் என்று எத்தனையோ இருக்கிறது. உள்ளூர் அலுவலராக இருந்தாலும் "இவன் அப்பாவை எனக்குத் தெரியும்" என்று விடக்கூடாது. விட்டிருப்பார் என்று நீங்களே சொல்கிறீர்கள் பாருங்கள், குலுக்கல் முறை அதைத் தடுக்கத்தான்.

எல்லாரும் ஒன்றை மறக்கிறீர்கள். பூத்துக்கு ஊர் தெரிந்தவர் வேண்டும் என்பது ஆணையத்துக்கும் தெரியும். அதற்குத்தான் ஏஜென்ட். அவர் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும், அதிலும் அந்த பூத்தோ பக்கத்து பூத்தோ என்றால் முதல் விருப்பம். பட்டியலோடு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வெளியே உட்கார்ந்திருப்பார், அவரும் உள்ளூர்தான். ஊர் தெரிந்தவர் பெஞ்சில், தெரியாதவர் மேஜையில். ஆள்மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். என் அனுபவத்தில் அந்த இரண்டு ரூபாயை எடுத்து வைத்தவர்கள் மிகக் குறைவு. மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டுமே! ஏஜென்டுக்கே இந்தப் பாடு என்றால் உள்ளூர் தலைமை அலுவலர் என்ன செய்வார்?

அப்புறம், சிலர் "டூட்டி பார்த்தால் என் ஓட்டு போச்சு" என்கிறார்கள். மக்களவைத் தேர்தலில் பரமக்குடிக்காரர் திருவாடானையில் டூட்டி பார்த்தால் தேர்தல் பணிச் சான்று வாங்கி அந்த பூத்திலேயே போடலாம். இரண்டும் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதிதான். சட்டமன்றத் தேர்தல் என்றால் தபால் ஓட்டு.

சாயல்குடி டீச்சர்:
நான் வேலை பார்க்கும் ஊரிலேயே எனக்கு டூட்டி போட்டால் ஓடிவிடுவேன். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் என் பிள்ளைகளின் பெற்றோர். போன தடவை வேறு தொகுதியில் ஒருவர் வந்தார், அவர் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள். கேள்விகள் கேட்டு, அவர்தான் என்று உறுதியான பிறகு டெண்டர் ஓட்டுச் சீட்டு கொடுத்தோம். அது மெஷினில் சேராது, தனி உறையில் போகும். அவர் கத்திய கத்தலை அன்றோடு மறந்துவிட்டேன். எங்கள் ஊராக இருந்தால் அவர் மகளுக்கு மறுநாள் நான் கணக்கு நடத்த வேண்டும்.

பாம்பன் நாட்டுப்படகு:
சரி டீச்சர், அது நியாயம். ஒன்று மட்டும் சொல்லணும். என் கையில் மீன் எண்ணெய், மை ஒட்டவில்லை. அந்த வெளியூர் மேடம் முகம் சுளிக்காமல் துணியால் என் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

கீழக்கரை ஏஜென்ட்:
அன்று வெள்ளிக்கிழமை வேறு. ஜும்மா முடிந்ததும் ஒன்றரை மணிக்கு மொத்தமாக ஜனம் வரும் என்று காலையிலேயே சொல்லிவைத்தோம். தலைமை அலுவலர் ஆட்களைப் பன்னிரண்டரைக்கே ஒவ்வொருவராகச் சாப்பிட அனுப்பிவிட்டார். எழுத்தர் ஐயா சொன்ன பெஞ்ச் இதுதான்.

பரமக்குடி வாத்தியார்:
மேஜை, பெஞ்ச் எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது நியாயம் பற்றி மட்டுமல்ல, தூக்கம் பற்றி. நீங்கள் யாரும் சீல் வைக்கும் நேரத்தில் இருந்து பார்த்ததில்லை போல. அரக்கு உருக்க மெழுகுவத்தி ஏற்றினால் கடல்காற்று அணைக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் நெற்றி வேர்வை 17சி படிவத்தில் சொட்டுகிறது. ஏற்கெனவே விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் காட்டும் மெஷின்) மேல் வெளிச்சம் விழக்கூடாது என்று பாதி ஜன்னல் அடைப்பு. பதிவான ஓட்டு எண்ணிக்கையை எழுதுகிறேன், 7 எனக்கே 1 மாதிரி தெரிகிறது. முந்தின ராத்திரி கண்ணை மூடாதவன் காலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு, ஏஜென்டுகளுக்குக் காட்டி, அதை அழிக்க மறந்தால்? எண்ணும் நாளில் கணக்கு இடிக்கும். யாருடைய தலை உருளும்?

17சி நகலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஏஜென்டுகளைத் தேடினேன். நாலு பேரில் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார்கள், பெஞ்சில் துண்டு மட்டும் கிடந்தது.

கீழக்கரை ஏஜென்ட்:
அந்தக் குட்டு சரிதான், வாங்கிக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தேர்தல் பிரிவு எழுத்தர்:
வாத்தியார் இதையே முதல் பதிவில் கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. வெளியூர்க்காரரை அனுப்பு, ஆனால் தண்ணீர், கழிப்பறை, திரும்பிப் போக வண்டி மூன்றையும் கொடு. முந்தின நாளே மண்டல அலுவலர் வந்து குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று அதிகாரிகளை மிரட்டியே பேர் வாங்கிய மாவட்டம் இது, டூட்டிக்கு வருகிறவருக்கும் அதையேவா காட்டுவது?

சாயல்குடி டீச்சர்:
எல்லாம் சரி, அந்தக் கழிப்பறைச் சாவி கடைசியில் கிடைத்ததா சார்?

பரமக்குடி வாத்தியார்:
இல்லை.

பாம்பன் நாட்டுப்படகு:
எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் என்றால் ஹெச்.எம். மேஜை, இரண்டாவது டிராயர். அடுத்த தடவை எங்க பக்கம் விழுந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.