பழைய டபுள் கெப்புக்கு ஆல் டெரைன் டயர்: எது போடலாம்? கொஞ்சம் அவசரம்

மவுஸ்ஸாகலை ஓரம்
வணக்கம். நம்ம கெப்புக்கு ஆல் டெரைன் டயர் (தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்கும் வருவது) நாலு போட வேண்டும். மழை பிடித்துவிட்டது. தோட்டத்து ரோட்டில் ஏற்றம் வந்தால் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. காபட் ரோட்டிலும், வெறும் வண்டியாக இறங்கும்போது பிரேக் பிடித்தால் பின்பக்கம் ஒதுங்கிப் போகிறது. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள். சனிக்கிழமை ஹட்டன் போகிறேன், அன்றைக்கே போட்டுவிட வேண்டும். எந்தக் கம்பனி நல்லது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊவா டிரைவர்
என்ன வண்டி அண்ணே? எந்தக் காலத்து மொடல்? இப்போது என்ன சைஸ் ஓடுகிறது? சாமான் ஏற்றுவீர்களா, ஆட்கள் மட்டுமா? இதெல்லாம் தெரியாமல் கம்பனிப் பெயர் சொல்ல முடியாது.

லயத்துப் பையன்
ஆல் டெரைனை விடுங்கள் அண்ணே, சேற்றுக்கென்றே வரும் மட் டெரைன் போடுங்கள். நம்ம செம்மண் சேற்றில் ஆல் டெரைனின் பள்ளமெல்லாம் கொஞ்ச தூரத்திலேயே அடைத்துக்கொள்ளும். அப்புறம் மொட்டை டயர் மாதிரிதான். மட் டயரில் கட்டைக்கும் கட்டைக்கும் இடைவெளி அகலம், சுற்றும்போதே மண்ணை எறிந்துவிடும். எங்கள் டிவிஷனுக்கு ஏறும் ரோட்டில் மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை அதைவிட்டால் வேறு எதுவும் ஏறாது.

வெலிமடை மரக்கறி
டயரை மாற்றுமுன் காற்றைப் பாருங்கள். தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் 20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடுங்கள். டயர் தரையில் அகலமாகப் படியும், கல்லையும் பிடிக்கும். நான் வருஷக் கணக்காக இப்படித்தான் ஓடுகிறேன்.

பழைய இரும்பு
ஒவ்வொரு மழைக்கும் இதே கேள்வி வருகிறது, ஒவ்வொரு தடவையும் வண்டி எது என்று சொல்லாமலே வருகிறது. தம்பி, முதலில் டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைக் குனிந்து பாருங்கள். அகலம், ரிம் அளவு, எத்தனை பிளை (டயரின் பலத்தைக் காட்டும் கணக்கு), எவ்வளவு சுமை தாங்கும், எப்போது செய்தது, எல்லாம் அங்கேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரருக்கு எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு ஏறும்.

மட் டயர் போடச் சொல்பவர்கள் கவனிக்க. கினிகத்தேனை இறக்கத்தையோ றம்பொடை வளைவுகளையோ மட் டயரில் நல்ல மழையில் இறங்கிப் பார்த்தீர்களா? நனைந்த தாரில் பிடிப்பு வருவது ரப்பர் தரையில் படும் பரப்பாலும் கட்டைகளில் கீறியிருக்கும் மெல்லிய வெட்டுகளாலும். மட் டயரில் இரண்டுமே குறைவு. ஆல் டெரைன் நடுத்தரம். அதுவும் நனைந்த தாரில் நல்ல சாதாரண ரோட் டயர் அளவுக்கு நிற்காது. தோட்டத்துக்குள் ஓடுவது எவ்வளவு, மெயின் ரோட்டில் எவ்வளவு என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

மவுஸ்ஸாகலை ஓரம்
ஹைலக்ஸ், 90களின் மொடல், டீசல். 195 ஆர் 14 சி என்று போட்டிருக்கிறது. மரக்கறி, உரம் ஏற்றுவோம். முக்கால்வாசி ஓட்டம் தார் ரோட்டில், கடைசித் துண்டு மட்டும் தோட்டத்து ரோடு. கம்பனி எது?

ஊவா டிரைவர்
ரிம் 14ஆ? சில்லுக்கு நட் எத்தனை அண்ணே, ஐந்தா ஆறா?

பழைய இரும்பு
14 ரிம்மும் 195உம் என்றாலே தெரிகிறது, இது ஃபோர் வீல் வண்டி இல்லை. அந்தக் காலத்து ஃபோர் வீல் ஹைலக்ஸ் உயரமாக நிற்கும், ஆறு நட் இருக்கும், 15 அல்லது 16 ரிம் ஓடும். கேட்டவர் அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். பின் சில்லு மட்டும் இழுக்கும் வண்டிக்கும் நாலும் இழுக்கும் வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது.

மவுஸ்ஸாகலை ஓரம்
ஐந்து நட். ஃபோர் வீல் இல்லைதான். கெப் என்றால் போதும் என்று நினைத்தேன்.

டயர் பட்டறை, பண்டாரவளை
அப்படியென்றால் கம்பனியைப் பிறகு பார்ப்போம், முதலில் இப்போது ஓடும் டயரின் வயதைச் சொல்லுங்கள். டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், பின் இரண்டு எந்த வருஷம். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்த டயர். அந்த எழுத்து ஒரு பக்கத்தில் மட்டும் முழுசாக இருக்கலாம், வெளியே தெரியாவிட்டால் வண்டிக்கு அடியில் போய் உட்பக்கம் பாருங்கள்.

அப்புறம் கட்டைகளை இரு கையாலும் கொஞ்சம் விரித்து அடியைப் பாருங்கள். மெல்லிய மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடினால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது போன டயர். நகத்தை அழுத்திப் பாருங்கள். புது ரப்பரில் நகம் கொஞ்சம் பதிந்து திரும்ப எழும். பழையதில் மேசையில் அழுத்துவதுபோல இருக்கும். இறுகிப்போன ரப்பர் மழையில் தாரைப் பிடிக்காது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்ற பிறகு பழைய கெப்புகளைத்தான் எல்லோரும் இழுத்துப் பிடித்து ஓட்டினார்கள். பாவித்த டயரும் நிறைய விலைப்பட்டது. பள்ளம் ஆழமாக இருக்கும், தேதியைப் பார்த்தால் பத்து வருஷம் தாண்டியிருக்கும். விலை மலிவு என்று அதை எடுத்து இந்த மலையில் பிள்ளை குட்டியோடு இறங்காதீர்கள்.

வெலிமடை அண்ணன் 20 காற்று என்கிறார். வெறும் வண்டியில், சேற்றில், மெதுவாகப் போகும் வரைக்கும் சரி. உரம் ஏற்றிக்கொண்டு 20இல் தார் ரோட்டில் ஓடினால் டயரின் பக்கம் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளே நூல் விட்டுப்போகும்.

வெலிமடை மரக்கறி
தார் ரோட்டுக்கு வருமுன் திரும்ப அடித்துவிடுவேன். சின்ன பம்ப் ஒன்று சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கும். அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

லயத்துப் பையன்
ஃபோர் வீல் இல்லையென்றால் பின் சில்லுக்குச் சங்கிலி கட்டுங்கள். எங்கள் தோட்டத்து டிராக்டர் மழைக்கு அப்படித்தான் ஏறுகிறது.

ஹப்புத்தளைக் காற்று
தயவுசெய்து சங்கிலி வேண்டாம் தம்பி. எங்கள் டிவிஷனில் சில்லு போகும் தடத்துக்கு மட்டும் இரண்டு வரிசையாகக் கொங்கிரீட் போட்டுத் தந்தார்கள். சங்கிலி கட்டிய டிராக்டர் ஏறி இறங்கி ஓரமெல்லாம் பெயர்ந்துவிட்டது. இப்போது பெயர்ந்த விளிம்பே டயரை வெட்டுகிறது. பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அந்த ரோடுதான்.

லயத்துப் பையன்
ரோட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் சங்கிலி எதற்கு? எங்கள் ஆட்களே கல் சுமந்து குழியை நிரப்புகிறோம். தோட்டக் கம்பனியைக் கேட்டால் பிரதேச சபை என்கிறார்கள், சபையைக் கேட்டால் தோட்டம் என்கிறார்கள்.

பழைய இரும்பு
தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை. கம்பனிதான் செய்ய வேண்டும். இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஹாலிஎல வாத்தியார்
அது பழைய நிலை ஐயா. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆவது பிரிவு அப்படித் தடுத்துக்கொண்டிருந்தது உண்மை. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. இப்போது சபை தோட்டக் குடியிருப்புகளுக்கும் வேலை செய்யலாம். நாமும் வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம். சட்டம் இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் இந்தத் திருத்தத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

லயத்துப் பையன்
நன்றி சேர். எங்கள் ரோட்டுக்கு அதற்குப் பிறகும் ஒரு லோட் கல் வரவில்லை. இதை எழுத்தில் கொடுத்துக் கேட்கிறோம்.

ஊவா டிரைவர்
ரோட்டுக்குத் தனியாக ஒரு இழை போடுவோம், அவசியம் பேச வேண்டிய விஷயம். அண்ணன் சனிக்கிழமை டயர் போட வேண்டும்.

14 ரிம்முக்கு ஆல் டெரைன் கிடைப்பது கஷ்டம். இந்த சைஸ் பெரும்பாலும் வேன்களுக்கு வருவது, கோடு போட்ட ரோட் டயர்தான் கடையில் இருக்கும். 15 ரிம்முக்கு மாறினால் 205/70 ஆர் 15 சி பொருந்தும். இரண்டுக்கும் மொத்த உயரம் கிட்டத்தட்ட 667 மில்லிமீட்டர், அதனால் ஸ்பீட் மீட்டரும் பிழைக்காது, ஏற்றத்தில் கியரும் கனக்காது. உயரமான டயர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் டர்போ இல்லாத அந்த டீசல் எஞ்சினை வைத்து மரக்கறி ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவருக்கு அது வேண்டாம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், கடைசியில் அந்த 'சி' இருக்க வேண்டும், சுமை ஏற்றும் வண்டிக்கான டயர் என்பதற்கு அடையாளம் அதுதான். அதே 205/70 ஆர் 15, 'சி' இல்லாமல் ஜீப்புக்கு வரும் டயரில் சுமைக் குறியீடு 96 என்று இருக்கும். அப்படியென்றால் ஒரு டயருக்கு 710 கிலோ. உங்கள் 195 ஆர் 14 சி எட்டுப் பிளையில் 106, அதாவது 950 கிலோ. பின்னால் இரண்டு டயருக்கும் சேர்த்து 480 கிலோ வித்தியாசம். பார்வைக்கு முரட்டு டயர், ஆனால் சுமை தாங்காது.

கராஜ் பாஸ், நானுஓயா
எல்லோரும் டயரையே பார்க்கிறீர்கள். அவர் முதலில் எழுதியதைத் திரும்ப வாசியுங்கள்: வெறும் வண்டி, இறக்கம், பிரேக் பிடித்தால் பின்பக்கம் ஒதுங்குகிறது. சேற்றில் ஏறாதது ஒரு பிரச்சினை, இது வேறு. இதுதான் உயிருக்கு ஆபத்து.

அந்த ஹைலக்ஸுக்குப் பின் அச்சுப் பக்கம் செசியில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு நீளக் கம்பி அச்சுக்கு வரும். சுமை ஏறி வண்டி தணிந்தால் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். வெறும் வண்டி எழும்பி நிற்கும்போது அழுத்தத்தைக் குறைத்துவிடும், பின் சில்லு பூட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நம்ம மழைக்கும் மண்ணுக்கும் அந்த மூட்டு துருப்பிடித்துச் சுமை ஏற்றின நிலையிலேயே இறுகிவிடும். அப்புறம் வெறும் வண்டிக்கும் பின்னால் முழு பிரேக் போகும். தாரும் நனைந்து ரப்பரும் இறுகியிருந்தால் பின்பக்கம் சுற்றத்தான் செய்யும். உலகத்தில் உள்ள எந்த ஆல் டெரைனைப் போட்டாலும் அது நிற்காது.

சில பேர் பின் ஸ்பிரிங்கில் பிளேட் கூட்டி வண்டியை உயர்த்துவார்கள், இந்தக் கம்பியைத் திரும்ப அளவு வைக்க மாட்டார்கள். அது நேர்மாறான கோளாறு, சுமையோடு இறங்கும்போது பின் பிரேக் போதாது. உங்கள் வண்டியில் பிளேட் கூட்டியிருக்கிறதா? கம்பி கையால் அசைகிறதா? ஹட்டனில் டயர் கடைக்குப் போகுமுன் ஒரு கராஜில் வண்டியைத் தூக்கி அதைப் பாருங்கள்.

பழைய இரும்பு
பாஸ் சொல்வது சரி. கூடவே ஒன்று: இரண்டு டயர் மட்டும் வாங்கக் காசு இருந்தால் புது இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்னால் வழுக்கினால் காலை எடுத்து வண்டியைக் கட்டுப்படுத்தலாம். பின்னால் வழுக்கினால் இந்த ரோடுகளில் அதற்கு இடம் கிடையாது.

டயர் பட்டறை, பண்டாரவளை
தோட்டத்து ஏற்றத்துக்கு நான் சொல்வது: 195 ஆர் 14 சி எட்டுப் பிளையிலேயே, ஓரத்தில் கட்டை கட்டையாக வெட்டிய மாதிரி, எம்+எஸ் (சேறு, பனிக்கானது என்ற குறி) என்று எழுதியது இருந்தால் எடுங்கள். வெறுமனே ஏறும்போது இரண்டு உர மூட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து இறுக்கிக் கட்டுங்கள். ஃபோர் வீல் இல்லாத கெப்பில் பின் சில்லு சுற்றுவதற்குப் பாதிக் காரணம் பின்னால் பாரம் இல்லாததுதான். மூட்டையைப் பின் கதவோரம் வைக்காதீர்கள், முன் சில்லு இலேசாகி ஸ்டியரிங் பிடிப்புக் குறையும்.

கராஜ் பாஸ், நானுஓயா
@மவுஸ்ஸாகலை ஓரம், போனீர்களா? கம்பி என்ன ஆனது? சொல்லுங்கள் தம்பி, மனசு கேட்கவில்லை.

மவுஸ்ஸாகலை ஓரம்
போய் வந்தேன். கம்பி மூட்டு துருவில் இறுகித்தான் இருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து அளவு வைத்துக் கொடுத்தார்கள். பின் டயர் 1412 என்று இருந்தது, முன் டயர் 3018. நாலும் மாற்றியாச்சு, அதே 195, எட்டுப் பிளை. பின்பக்கம் இப்போது ஒதுங்கவில்லை. தோட்டத்து ஏற்றத்துக்கு மூட்டை வைத்தால்தான் ஏறுகிறது. எல்லோருக்கும் நன்றி, பாஸுக்கு விசேஷமாக.

புஸல்லாவை 14 ரிம்
எனக்கும் அதே வண்டி, அதே சைஸ். என்ன கம்பனி போட்டீர்கள், ஒன்று என்ன விலை சொன்னார்கள் அண்ணே?