கிளானில் ஆருக்கு என்ன பதவி?

கோண்டாவிலான்:
ஃபோனில் விளையாடும் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் கேமில் எங்கள் கிளானில் (விளையாட்டுக் குழுவில்) 38 பேர். கேட்டவருக்கெல்லாம் கொடுத்து இப்போது 14 பேர் கோ-லீடர், அதாவது லீடருக்கு அடுத்த பதவி. போன கிழமை இரவு அதில் ஒருவர், ஏதோ கோபத்தில் ஒன்பது பேரை நீக்கிவிட்டுத் தானும் போய்விட்டார். விடிய தேத்தண்ணியோடு ஃபோனைத் திறந்தால் சாட் முழுக்க நீக்கிய செய்திதான். லீடர் நான். பதவிகளை இனி எப்படி ஒழுங்குபடுத்துவது? என் மச்சானும் கோ-லீடர், கோவிப்பான்.

பனங்காய்:
தம்பி, கோ-லீடரை இன்னொரு கோ-லீடர் நீக்க முடியாது. லீடர் நீங்கள்தான் அவர்களைப் பதவியிலிருந்து இறக்க வேண்டும். கோ-லீடராக மூன்று பேர் போதும்: வோர் (வேறு கிளானோடு சண்டை) தொடங்க ஒருவர், ஆள் சேர்க்க ஒருவர், மற்றவர் கனடாவில். நாங்கள் நித்திரை கொள்ளும்போது அங்கே பகல். ஊர்ச் சனசமூக நிலையத்திலும் தலைவர், செயலாளர், பொருளாளர்தானே? மிச்சப்பேர் கூட்டத்துக்கு வந்து வடை சாப்பிடுவார்கள்.

இரவுக்கிளி:
கோ-லீடருக்குக் கீழ்ப் பதவியான எல்டருக்கு நாங்கள் வைத்த கணக்கு: வோரில் ஆளுக்கு இரண்டு அடி. தொடர்ந்து மூன்று வோரில் இரண்டையும் அடித்தால் எல்டர். அடித்து எத்தனை நட்சத்திரம் எடுத்தார் என்று பார்ப்பதில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் விலக்கு.

கோண்டாவிலான்:
சரி அண்ணை, இண்டைக்கே இறக்குறன். மச்சானுக்கு முதலில் ஃபோன் எடுத்துச் சொல்லவேணும்.