ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ்ல லாக், கிளான் கோட்டை: எதுக்கு போலாம், எதை விடலாம்?

எடின்பராவாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஜூன்ல ஊர்லேர்ந்து அம்மா அப்பா வராங்க, இன்வர்னெஸ்ல ரூம் போட்டுட்டு மூணு நாள் கார்ல சுத்தலாம்னு இருக்கோம். அப்பா ஹிஸ்டரி வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர், கோட்டைன்னா உயிர், ஆனா முட்டி வலி, ரொம்ப படி ஏற மாட்டார். அம்மாவுக்கு தண்ணியும் மலையும் பாத்துட்டு உக்காந்தா போதும். நெட்ல தேடுனா அர்க்கார்ட், எய்லீன் டோனன், டன்வேகன், கில்கர்ன், ஸ்டாக்கர்னு லிஸ்ட் நீளுது, போட்டோல எல்லாமே தண்ணி ஓரத்து கோட்டையா ஒரே மாதிரி தெரியுது. எதை எடுக்கறது?

மலைப்பாதை:
ஒரே மாதிரி தெரியறதுக்கு காரணம் இருக்குங்க. அந்தக் காலத்துல அங்க ரோடே கிடையாது, லாக்தான் ரோடு (ஏரியையும் உள்ள புகுந்த கடலையும் அங்க அப்படித்தான் சொல்வாங்க), படகுலதான் ஆள், மாடு, சாமான் எல்லாம் போகும். தண்ணிய யார் புடிச்சு வச்சிருக்காங்களோ அவங்க கையிலதான் அந்த ஏரியா. இத அப்பா கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, அப்புறம் ஒவ்வொரு கோட்டையும் தனியா தெரியும்.

என்னை கேட்டா ரெண்டு கோட்டை போதும். அர்க்கார்ட் லாக் நெஸ் கரையிலயே இருக்கு. 1545ல மெக்டொனால்ட், கேமரன்னு ரெண்டு கிளான் (அதாவது குலம்) ஆளுங்களும் வந்து ஆயிரக்கணக்குல ஆடு மாட்ட ஓட்டிட்டு போனதோட நிக்காம மெத்தை, கோட்டைக் கதவு வரைக்கும் கழட்டிட்டு போயிருக்காங்க. கடைசியா 1692ல அங்க இருந்த அரசாங்கப் படையே கிளம்பும்போது, ஜாகோபைட்ஸ் (பதவி போன ஸ்டூவர்ட் ராஜா பரம்பரைய திரும்பக் கொண்டு வரப் பாத்தவங்க) கையில சிக்கக் கூடாதுன்னு வெடி வச்சுட்டு போயிட்டாங்க, இப்ப பாக்கற இடிபாடு அதோட மிச்சம். ஆனா கார் பார்க் மேல ரோட்டோரம், கோட்டை கீழ கரையில, திரும்பி வர்றப்போ ஏத்தம். அப்பா மெதுவா நடக்கணும்.

எய்லீன் டோனன் மூணு லாக் சேர்ற இடத்துல, சின்ன தீவு மேல. 1719ல ஸ்பெயின் சிப்பாய்ங்க ஜாகோபைட்ஸுக்காக உள்ள இருந்தாங்க, பிரிட்டிஷ் கடற்படை கப்பல்ங்க வந்து பீரங்கியால அடிச்சு, கோட்டைய புடிச்சு வெடி வச்சு தூள் பண்ணிட்டாங்க, அப்புறம் கிட்டத்தட்ட 200 வருஷம் வெறும் கல்லு குவியல். 1912லேர்ந்து 1932 வரைக்கும் மக்ரே குடும்பத்துக்காரர் ஒருத்தர் திரும்பக் கட்டுனார், தீவுக்குப் போற பாலமும் அப்ப வந்ததுதான். அதனால போஸ்ட்கார்டுல பாக்கற அந்த கோட்டைக்கு இன்னும் நூறு வயசுகூட முழுசா ஆகலன்னு அப்பாவுக்கு தெரிஞ்சா இன்னும் ரசிப்பார். உள்ள படி ஜாஸ்தி, அம்மாவோட பாலத்துல நின்னாலே லாக் டூயிக்கும் மலையும் நல்லா தெரியும்.

டன்வேகன் அருமை, மெக்லியாட் வம்சம் இன்னும் அவங்க கையிலயே வச்சிருக்காங்க, ஆனா ஸ்கை தீவுல அந்தக் கோடி, இன்வர்னெஸ்லேர்ந்து ஒரே நாள்ல போய்ட்டு வந்தா நாள் பூரா காருக்குள்ளதான். கில்கர்னும் ஸ்டாக்கரும் தெக்கால, கிளாஸ்கோ பக்கத்துலேர்ந்து வரும்போது பாத்துக்கலாம்.

கொசுவலை:
மேல சொன்னதுல கலோடன் போர்க்களத்த விட்டுட்டீங்க. இன்வர்னெஸ்லேர்ந்து கார்ல கொஞ்ச தூரம், சமதளம், முட்டிக்கு பிரச்சினை இல்ல. 1746 ஏப்ரல் 16, ஜாகோபைட்ஸ் அரசாங்கப் படைகிட்ட தோத்தது இங்கதான், ஒரு மணி நேரம்கூட நடக்கல அந்த சண்டை, கிளான் தலைவர்களோட அதிகாரம் அதோட உடைஞ்சுது, ஹைலேண்ட் உடுப்புக்கே 1782 வரைக்கும் தடை. புல்லு மேடு மேடா இருக்கும், பக்கத்துல கிளான் பேர் வெட்டுன கல்லு, ஒரு கல்லுல "கலந்த கிளான்கள்"னு மட்டும் போட்டிருக்கும். யார் யாருன்னு பிரிக்க முடியாம புதைச்சவங்க. கோட்டைக்கு முன்னாடி இங்க போங்க, எல்லாம் புரியும்.

அப்புறம் ஜூன்ல மிட்ஜ், கொசுவை விட சின்ன பூச்சி, கூட்டமா வந்து கடிக்கும். காத்து அடிச்சா வராது, காத்தில்லாத சாயங்காலம் தண்ணி ஓரம் உக்காந்தா அவ்ளோதான், அம்மாவுக்கு தலைக்கு போடற வலை ஒண்ணு வாங்கிடுங்க. சின்ன ரோடெல்லாம் ஒரு வண்டி போற அகலம்தான், ஒதுங்கற இடம் வலது பக்கம் இருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க, அதுக்கு நேரா உங்க பக்கமே நிப்பாட்டுங்க.

எடின்பராவாசி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், கலோடன் லிஸ்ட்லயே இல்ல, சேத்துட்டேன். லாக் நெஸ்ல போட்டிங் தேவையா?

மலைப்பாதை:
போங்க, அப்பாவுக்கு நடையே இல்லாம அர்க்கார்ட தண்ணியிலேர்ந்து பாக்கலாம், எதிரி எப்படி பாத்திருப்பான்னு அப்பதான் தெரியும். தண்ணி கருப்பா இருக்கும், அழுக்கு இல்ல, மலையில இருக்கற பீட்ங்கற மக்குன செடி மண்ணோட கலர். ஆழம் 230 மீட்டர் கிட்ட, அதனால தண்ணி எப்பவும் சில்லுன்னுதான் இருக்கும், படகுல போக ஜூன்லயும் ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும். அர்க்கார்ட் டிக்கெட்ட முன்னாடியே ஆன்லைன்ல போட்டுடுங்க, சீசன்ல கார் பார்க் ரொம்பிடும்.