வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் படகுத்துறை: வாடகைக்கு விடலாமா?

கரையோரன்

வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லை கால்வாயில் போய் முடிகிறது. அங்கே 12 மீட்டர் நீளத்துக்கு எங்களுடைய சொந்தப் படகுத்துறை இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததும் படகை விற்றுவிட்டோம். இரண்டு வருடமாகத் துறை சும்மா கிடக்கிறது. இப்போது படகு வைத்திருக்கும் ஒருவர், மாத வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்கிறார். கரைச்சுவரைப் பழுதுபார்க்கும் செலவில் பாதியாவது தேறும் என்பது என் கணக்கு. மனைவிக்கு இதில் விருப்பமில்லை. துறை மேடையில் மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் உண்டு. விட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், விடலாமா?

கட்டுக்கயிறு

தாராளமாக விடுங்கள். நான் ஆறு வருடமாக விடுகிறேன். இதுவரை மூன்று படகுகள் மாறியிருக்கின்றன, ஒரு சண்டை கிடையாது. ஆள் புழங்காத துறைதான் சீக்கிரம் கெடும். பலகை உளுத்ததும் ஆணி துருப்பிடித்ததும் யாராவது தினமும் கால்வைத்தால்தானே தெரியும்?

ஒன்று மட்டும் கவனியுங்கள். எல்லோரும் படகின் நீளத்தை மட்டும்தான் கேட்பார்கள். நீங்கள் அகலத்தையும், தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையும், தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதையும் கேளுங்கள். என்னிடம் முதலில் வந்தவர் ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், வற்றிய நேரத்தில் பாலத்துக்கு அடியில் சிரமமில்லாமல் நுழைந்து வந்து கட்டிவிட்டார். மறுநாள் ஓதம் ஏறியபோது வெளியே போக முடியவில்லை. மேல்தட்டுக் கம்பி பாலத்தில் இடித்தது. ஆழம் அதற்கு நேர்மாறு, அதை ஓதம் முழுதாக வற்றிய பிறகுதான் அளக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி மேடையின் இரண்டு முனையிலும் நடுவிலும் விட்டுப் பாருங்கள். நடுவில் மண் மேடிட்டிருந்தால் படகு அதன்மேல் உட்கார்ந்துவிடும்.

எதிர்க்கரை

நான் இதை முழுமனதாக எதிர்க்கிறேன். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இப்படி ஒரு துறையை வாடகைக்கு விட்டார்கள். விட்டவருக்குப் பணம் வந்தது, அதோடு வந்த மற்றதெல்லாம் எங்களுக்கு வந்தது.

பாய்மரப் படகு ஒன்றைக் கட்டினார்கள். பாய் ஏற்றும் கயிறு காற்றடிக்கும் போதெல்லாம் அலுமினியப் பாய்மரத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். டிங், டிங், டிங் என்று ராத்திரி முழுக்க. தண்ணீர்மேல் சத்தத்தைத் தடுக்க மரமோ சுவரோ கிடையாது. அடுத்து வந்தவர் மீன்பிடிக்கப் போகிறவர், விடிகாலை நாலரைக்கு எஞ்சினைப் போடுவார். ஐந்து நிமிடம் அது சும்மா ஓடும், புகை நேராக எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வரும். கடைசியாக வந்தவர் படகிலேயே குடியிருக்க ஆரம்பித்துவிட்டார். கழிவுத்தொட்டியை எங்கே போய்க் காலி செய்கிறார் என்று கேட்டோம், பதில் வரவில்லை.

கால்வாய்க்கு இருபுறமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு கரையில் இருப்பவர் மட்டும் முடிவெடுத்தால் அது எப்படி நியாயமாகும்?

துறைதேடி

அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். எனக்குப் படகு இருக்கிறது, கரையில் வீடில்லை. படகு நிறுத்தும் பொது இடங்களில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வருடக்கணக்காக நிற்கிறேன். கால்வாய் நெடுக நடந்து பாருங்கள், ஆளில்லாத துறைகள்தான் அதிகம். கரையில் வீடு வாங்க முடிந்தவருக்கு மட்டும்தான் தண்ணீரா?

ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் எல்லோருக்கும் பொது என்று ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்துச் சட்டநூல் 533ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. பல நாட்டுச் சட்டங்களில் அந்தக் கருத்து இன்னும் இருக்கிறது.

எதிர்க்கரை

தம்பி, நீங்கள் எடுத்துக்கொடுத்ததே என் வாதம். தண்ணீர் எல்லோருக்கும் பொது என்றால், அதில் ஒரு துண்டை மாத வாடகைக்கு விட கரையோரனுக்கு என்ன உரிமை? அவருக்குச் சொந்தமானது மேடை. படகு மிதப்பது மேடையில் இல்லையே.

ஓதம்

இது சரியான கேள்வி. நிலப் பத்திரங்களோடு பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

நீர்க்கரையில் நிலம் உள்ளவருக்கு நீரை அணுகும் உரிமை, துறை கட்டிக்கொள்ளும் உரிமை என்று சில உண்டு. பல நாட்டுச் சட்டங்களில் இவை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவை. கால்வாயின் அடிநிலம் யாருடையது என்பது வேறு விஷயம். தோண்டிய கால்வாயாக இருந்தால் அடிநிலம் தனியாருடையதாகவோ குடியிருப்புச் சங்கத்துடையதாகவோ இருக்கலாம், இயற்கையான நீர்வழி என்றால் அரசுடையதாக இருக்கலாம். துறை கட்ட அனுமதி கொடுத்தபோது 'வீட்டுக்காரரின் சொந்த உபயோகத்துக்கு' என்று எழுதியிருந்தால், வாடகை வாங்கிய அன்றே அந்த அனுமதி ஆட்டம் காணும். குடியிருப்புப் பகுதியில் வணிகம் கூடாது என்ற விதியும் பல ஊர்களில் உண்டு.

ஆகவே கரையோரன் முதலில் மூன்று காகிதங்களைத் தேடி எடுக்க வேண்டும். வீட்டுப் பத்திரம், துறைக்கு வாங்கிய அனுமதி, சங்கம் இருந்தால் அதன் விதிகள். இதையெல்லாம் படிக்காமல் முன்பணம் வாங்காதீர்கள்.

மின்பணியாளர்

எல்லோரும் சத்தத்தையும் பத்திரத்தையும் பேசுகிறீர்கள். கரையோரன் முதல் பதிவிலேயே மேடையில் மின் இணைப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதை ஒருவரும் கேட்கவில்லை.

கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகில் எங்காவது வயர் உரசியிருந்தால், மின்சாரம் படகின் உலோகப் பாகங்கள் வழியாகத் தண்ணீரில் கசியும். கண்ணுக்குத் தெரியாது. உப்பு நீர் நன்றாக மின்சாரம் கடத்தும், அதனால் கசிவு பெரும்பாலும் நீந்துபவரின் உடலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நன்னீரில் தண்ணீரைவிட மனித உடல்தான் நல்ல கடத்தி. அங்கே மின்சாரம் உடலுக்குள் புகுந்து போகும். 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகிப்போகலாம். நீச்சல் நன்றாகத் தெரிந்தவரும் கையை அசைக்க முடியாமல் சத்தமில்லாமல் மூழ்குவார். உடலில் காயம் இருக்காது, நீந்தத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். கடலோரக் கால்வாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். பெருமழைக்குப் பிறகு கால்வாயின் உள்முனையில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

சோதிப்பது எளிது. வயரைக் கவ்விப் பிடித்து மின்சாரத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரைக் கரையிலிருந்து படகுக்குப் போகும் முழு கேபிளையும் சுற்றி மாட்டுங்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும். பூஜ்யம் இல்லையென்றால் மீதி வேறு வழியில் போகிறது, பெரும்பாலும் தண்ணீர் வழியாக. படகில் உள்ள ஒவ்வொரு கருவியையும் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மேடை இணைப்பில், கசிவு 30 மில்லியாம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அது இருந்தாலும், மின் இணைப்புள்ள துறையைச் சுற்றி யாரும் நீந்தக் கூடாது. யாராவது தண்ணீரில் துடித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். முதலில் மின்சாரத்தை அணையுங்கள், பிறகு மிதவையை எறியுங்கள்.

கட்டுக்கயிறு

ஐயா, பயமுறுத்துகிறீர்கள். ஆறு வருடமாக என் துறையில் மின்சாரம் ஓடுகிறது. ஒருமுறைகூட ஃபியூஸ் போனதில்லை.

மின்பணியாளர்

ஃபியூஸ் இதற்குப் போகாது. பல ஆம்பியர் போனால்தான் அது அறுபடும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு போதும். மீட்டர் இருக்கிறதா உங்களிடம்?

கரைச்சுவர்

நான் நான்கு வருடம் துறையை வாடகைக்கு விட்டு, பிறகு நிறுத்தியவன். காரணம் சொல்கிறேன்.

என் துறையில் கட்டியிருந்த படகு மூழ்கியது. ஓடும்போது மூழ்குவதைவிட, கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கும் படகுகள்தான் அதிகம். கேட்டால் நம்ப மாட்டார்கள். இரண்டடி ஆழத்தில் ஒரு அங்குல ஓட்டை இருந்தால் நிமிடத்துக்கு 60 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். இதில் ஓட்டைகூட இல்லை. எஞ்சினிலிருந்து சுழலிக்குப் போகும் தண்டு படகைவிட்டு வெளியே வரும் இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அடித்தளத்தில் தேங்குவதை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் தானாக ஓட வேண்டும். அதன் மிதவை சுவிட்சில் ஒரு பிளாஸ்டிக் உறை சிக்கிக்கொண்டது.

காலையில் காபியோடு மேடைக்குப் போனேன். படகின் பக்கவாட்டில் ஒரு நீலக் கோடு உண்டு, எப்போதும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிற்கும். அன்று தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். படகுக்காரர் விவகாரம், நாம் ஏன் தலையிட வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன். மாலை வந்து பார்த்தால் கட்டுக்கயிறுகள் வில்லாக இறுகி நிற்கின்றன, முன்முனை மட்டும் வெளியே தெரிகிறது, டீசல் வானவில்லாகக் கால்வாய் முழுக்கப் பரவியிருக்கிறது. கயிறு கட்டும் கிளீட் ஒன்றைப் பலகையோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

படகுக்காரர் வெளிநாட்டில். தொலைபேசியை எடுக்கவில்லை. டீசலுக்காக அதிகாரிகள் என் கதவைத்தான் தட்டினார்கள். என் வீட்டுக் காப்பீட்டு நிறுவனம், வாடகை வாங்கியதால் இது தொழில், வீட்டுக் காப்பீட்டில் வராது என்று கடிதம் அனுப்பிவிட்டது. படகைத் தூக்க ஆன செலவு நான்கு வருட வாடகையைவிட அதிகம்.

துறைதேடி

வருத்தமாக இருக்கிறது. ஆனால் இது துறையை விட்டதன் தவறு இல்லையே, ஒப்பந்தத்தின் தவறு. ஒழுங்கான படகுக்காரர் காப்பீட்டுச் சான்று கொடுப்பார், அதில் மூழ்கிய படகை அகற்றும் செலவும் சேர்ந்திருக்கும். உங்கள் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். நான் என் படகை வாரம் இரண்டு முறை பார்ப்பேன். மழை பெய்தால் மறுநாள் காலையே போய்விடுவேன்.

கரைச்சுவர்

எல்லாம் எழுதலாம் தம்பி. அந்த நீலக் கோட்டைப் பார்த்தது நான். அதை எந்த ஒப்பந்தத்தில் எழுதுவது?

ஓதம்

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இடத்தை மட்டும் கொடுக்கிறேன், படகைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று எழுதினால் அது இடத்தைப் பயன்படுத்தும் உரிமம். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, பம்பைப் போட்டுவிடுங்கள், கயிற்றை இறுக்கிவிடுங்கள் என்பதற்கெல்லாம் தலையாட்டினால், பொருளைப் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடலாம். அப்போது சேதத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். சாவியை வாங்காதீர்கள். ஆனால் தண்ணீர் ஏறுவதைக் கண்டால் கூப்பிட்டுச் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்காது, கரைச்சுவர் அண்ணன் சொல்வது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் படகை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் யார் செலவில் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். வாடகை பாக்கி என்று படகைப் பூட்டுவதும் விற்பதும் கூடாது. அதற்கு நீதிமன்ற வழி தனி.

எதிர்க்கரை

மின்பணியாளர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கோடை விடுமுறையில் என் பேத்தி எங்கள் படியிலிருந்து குதித்து அந்தக் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். எதிர்த் துறையில் படகுக்கு வயர் போகிறதா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சத்தத்துக்காகத்தான் இத்தனை நாள் சண்டை போட்டேன்.

கட்டுக்கயிறு

இரண்டு நாள் எழுதவில்லை. ஒரு மீட்டர் இரவல் வாங்கிக் கேபிளில் மாட்டினேன். 0.4 ஆம்பியர் காட்டியது, அதாவது 400 மில்லியாம்பியர். நம்பாமல் கழற்றித் திரும்ப மாட்டினேன், அதேதான். படகுக்காரரை வரச்சொல்லி ஒவ்வொன்றாக அணைத்தோம். வெந்நீர்க் கொதிகலனை அணைத்ததும் பூஜ்யத்துக்கு வந்தது. உள்ளே கம்பியின் உறை வெடித்திருந்திருக்கிறது.

மின்பணியாளர் ஐயா, மன்னிக்க வேண்டும், நன்றி. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன்கள் பந்தை எடுக்க அந்தப் படகுக்குப் பின்னால் நீந்திப் போனார்கள். நான்தான் போங்கடா, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

துறையை விடுவதை நான் நிறுத்தப் போவதில்லை. ஆனால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டேன். ஆர்சிசிபி வைத்து, படகையும் சோதித்த பிறகுதான் இனி இணைப்பு.

துறைதேடி

நானும் நாளை என் படகைச் சோதிக்கிறேன். சோதித்த தாளைக் காட்டாதவருக்கு மின்சாரம் தராதீர்கள். எங்களில் யாரும் அதற்குக் கோபப்படக் கூடாது.

கரையோரன்

எல்லாவற்றையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். துறை அனுமதியைத் தேடி எடுத்தோம், அதில் 'சொந்த உபயோகத்துக்கு' என்ற வரி இருக்கிறது. மாற்றித் தர முடியுமா என்று கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை யாருக்கும் விடவில்லை. மேடைக்குப் போகும் மின்சாரத்தை வீட்டுக்குள் இருக்கும் மின்பலகையிலேயே அணைத்துவிட்டேன். கேட்டவரிடம், அனுமதி வந்தாலும் மின்சாரம் கிடையாது, படகில் இரவு தங்கக் கூடாது, அகற்றும் செலவு சேர்ந்த காப்பீடு வேண்டும் என்று சொன்னேன். முதல் இரண்டுக்கும் சரி என்றார். மூன்றாவதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் கூப்பிடவில்லை. எதிர்க்கரையில் இருக்கும் இரண்டு வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை போய் நேரில் சொல்லப் போகிறோம்.

எதிர்க்கரை

நான் இன்னும் எதிர்க்கிறேன். ஆனால் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒருமுறையும் வந்து கேட்டதில்லை, நீங்கள் போகிறீர்கள். வருகிறவர் பாய்மரப் படகுக்காரராக இருந்தால், பாய் ஏற்றும் கயிற்றைப் பாய்மரத்தைவிட்டு விலக்கி, மரத்தைத் தாங்கும் பக்கவாட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். ஒரு முழக் கயிறு போதும், சத்தம் நின்றுவிடும்.