அப்புச்சி வீட்டுச் சொந்தங்கள்

மாமா, கோபி: போன வாரம் அப்பாவுக்குக் கீமோவோடு பெவாசிசுமாப் என்று ஒரு ஊசியும் சேர்த்தார்கள். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடக்குமாம். மடையை அடைத்தால் பயிர் காய்கிற மாதிரிதானே, பாப்பா?

பாப்பா, கோவை: பாதி சரிங்க மாமா. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை கட்டி பக்கத்துக் கசிவிலேயே பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வளர்ந்தால் நடுவில் மூச்சு முட்டும். உடனே விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்துக் குழாய்களிலிருந்து கிளை இழுத்துக்கொள்ளும். அந்தப் புரதத்தைத்தான் இந்த ஊசி மடக்கும். இப்படிக் கிளை இழுப்பதைத் தடுக்கலாம் என்று ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க டாக்டர் 1971-லேயே எழுதினார்.

பெரியம்மா, பெருந்துறை: கீழ்பவானி (எல்பிபி) பாசன வாய்க்காலில் ராத்திரி மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களே, அந்தக் கதை 😀

பாப்பா, கோவை: அதேதானுங்க. ஆனால் கட்டி வெட்டுகிற வாய்க்கால் ஒன்றும் உருப்படி இல்லை. லேபில் ஸ்லைடு வைத்தால் தெரியும். ஓரிடத்தில் உப்பி, ஓரிடத்தில் நசுங்கி, கோணல்மாணலாக ஓடும், வழியெல்லாம் கசியும். குழாயை ஒட்டி ஒரு வளையம் அளவுக்குத்தான் செல்கள் உயிரோடு இருக்கும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் எல்லாம் செத்து வெறும் ரோஸ் நிறம். ஆக்சிஜன் குழாயிலிருந்து 0.1, 0.2 மில்லிமீட்டர்தான் எட்டும்.

மாமா, கோபி: ஓட்டைக் குழாய் என்றால் மருந்து நன்றாக இறங்குமே?

பாப்பா, கோவை: இறங்காதுங்க. கசிந்தது வடிய வழியில்லாமல் உள்ளேயே தேங்கி அழுத்தம் ஏறிவிடும். சேறாகிக் கிடக்கிற காட்டில் இன்னும் தண்ணீர் இறங்குமா? கீமோவும் வெளியிலேயே நிற்கும். இந்த ஊசி கொஞ்ச நாளைக்குக் கசிவைக் குறைத்துக் குழாயை ஒழுங்காக்கும், அந்த நேரத்தில் கீமோ உள்ளே போகும் என்று 2001-ல் ராகேஷ் ஜெயின் என்ற ஆராய்ச்சியாளர் சொன்னார். மடையை ஒரேயடியாக அடைத்தால் மருந்துக்கும் வழி போச்சு.

பெரியம்மா, பெருந்துறை: வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கடவாய்ப்பல் பிடுங்கச் சொல்லி வைத்திருக்கிறேனே?

பாப்பா, கோவை: ஐயோ, நிறுத்துங்க பெரியம்மா! புண் ஆறவும் புதுக் குழாய் வேண்டும், ஊசி அதையும் தடுக்கும். புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் பல்லில் கை வைக்க வேண்டாம். மாமா, பிபி பார்த்தீங்களா? இந்த ஊசிக்கு அதுவும் ஏறும்.

மாமா, கோபி: இரு.

மாமா, கோபி: 160/90. ஊசிக்கு முன்னால் 130 தான்.

பாப்பா, கோவை: இப்பவே டாக்டருக்குப் போன் போடுங்க.

அப்புச்சி: அப்படியே பல்லையும் கேட்டுவிடு. ஒரு வாரமாகக் கடலை கடிக்க முடியவில்லை கண்ணு.