சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரே உலகத்து ஆட்களா? கொஞ்சம் தீர்த்து வையுங்கள்

நண்பர்களே, டிசி (சூப்பர்மேனின் நிறுவனம்), மார்வெல் (ஸ்பைடர்மேனின் நிறுவனம்) என்ற இரண்டு அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களின் நாயகர்களும் சேர்ந்து வரும் கிராஸ்ஓவர் கதைகளை வரிசைப்படுத்திப் படிக்க உட்கார்ந்தேன், தலை சுற்றுகிறது.

1976-இல் வந்த சூப்பர்மேன் - ஸ்பைடர்மேன் கதையில் இருவரும் ஒரே பூமியில்தான் இருக்கிறார்கள். சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரும் ஸ்பைடர்மேனின் எதிரி டாக்டர் ஆக்டோபஸும் கைகோர்க்க, உலகம் விட்டு உலகம் போகும் எந்த வாசலும் திறக்க வேண்டியிருக்கவில்லை. 1981-இல் வந்த அடுத்த கதையில் கிளார்க் கென்ட் (சூப்பர்மேன்தான்), ஸ்பைடர்மேன் கதைகளில் வரும் டெய்லி பியூகிள் பத்திரிகையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்!

ஆனால் 2003-இல் தொடங்கிய ஜேஎல்ஏ (டிசி நாயகர்களின் அணி) - அவெஞ்சர்ஸ் (மார்வெல் நாயகர்களின் அணி) தொடர் வேறு கதை சொல்கிறது. அங்கே இரண்டும் தனித்தனிப் பிரபஞ்சம். மார்வெல் பக்கம் வந்த டிசியின் அதிவேக நாயகன் ஃப்ளாஷுக்கு, வேகம் தரும் சக்தியான ஸ்பீடு ஃபோர்ஸே கிடைக்காமல் வேகம் போய்விடுகிறது. அதில் வரும் அண்ட முட்டை (புதுப் பிரபஞ்சம் ஒன்று பொரிக்கக் காத்திருக்கும் முட்டை) பிறகு டிசியின் ஜேஎல்ஏ இதழ்களிலும் தலைகாட்டுகிறது. ஆக, அது டிசி கணக்கில் நடந்த கதைதான்.

அப்படியென்றால் பழைய இரண்டையும் எங்கே வைப்பது? அந்தக் கதைகளுக்கென்றே மூன்றாவது பூமி ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாமே ஒரே தொடர்ச்சி என்று அடம்பிடிக்கிறான்.

பழைய கதைகளைப் பின்னால் வந்த இதழ் எதுவும் நேரடியாகக் குறிப்பிடுகிறதா? தெரிந்தவர்கள் இதழ் எண்ணோடு சொன்னால் நன்றாக இருக்கும்.