கலைச்சொல்: ‘அவுஸ்டர் கிளாஸ்’ – ‘மன்றமறிப்புக் கூறு’ என்று வைக்கலாமா?

ஆசிரியர் ஐயாவுக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்கான குடியுரிமைக் கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. அரசு எடுத்த முடிவை எந்த நீதிமன்றமும் தொடக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைக்கும் வாசகத்தை வழக்கறிஞர்கள் ‘அவுஸ்டர் கிளாஸ்’ என்கிறார்கள். முன்வரைவில் ‘விலக்கு விதி’ என்று இருக்கிறது. அது சரிப்படாது. வரி விலக்கு, கட்டண விலக்கு என்று கேட்டுப் பழகியவர்கள் ஏதோ சலுகை என்று நினைப்பார்கள். ‘நீக்க விதி’ என்றால் பணிநீக்கம்தான் நினைவுக்கு வரும். ‘தடை விதி’ இடைக்காலத் தடையாணையோடு குழம்பும்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துப் பார்ப்போம். 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தில், தொழிலியல் நீதிமன்றத் தீர்ப்பு இறுதியானது, முடிவானது என்று முதலில் சொல்லியிருந்தார்கள். அதோடு விடவில்லை. அதை எதிர்க்கவோ, மேல்முறையீடு செய்யவோ, மறுஆய்வு செய்யவோ, ரத்து செய்யவோ, கேள்விக்கு உட்படுத்தவோ கூடாது என்று ஐந்து வினைகளை அடுக்கினார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு வேறு காரியங்கள். ‘இறுதியானது’ என்பது மேல்முறையீட்டை மட்டும் மூடும். அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்று உயர் நீதிமன்றம் பார்ப்பதை, அதாவது மறுஆய்வை, அது மூடாது. பின்னால் வரும் ஐந்து வினைகள்தாம் அந்த வழியையும் மறிக்க வருகின்றன. அரசு அலுவலக முகப்பில் ‘முக்தமாட்’ (இறுதியானது) என்ற மலாய்ச் சொல்லைக் கேட்டதுமே நம்மவர்கள் எல்லாம் முடிந்தது என்று கோப்பை மூடிவிடுவதற்குக் காரணம், இந்த இரண்டுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் இல்லாததுதான்.

ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும். முதலாவதற்கு ‘இறுதிநிலைக் கூறு’. இரண்டாவதற்கு ‘மன்றமறிப்புக் கூறு’. வழிமறி என்ற வினை எல்லாருக்கும் தெரியும். தொழிற்சங்கத்தில் மறியல் என்ற சொல்லும் புழங்குகிறது. இதிலிருந்து முழுமறிப்பு, பகுதிமறிப்பு, மறிப்பு செல்லாது, மறிப்பைக் கடந்து என்று வேண்டிய அளவு சொல் பிறக்கும். விலக்கிலிருந்து இப்படி எடுக்க முடியவில்லை. ‘விதி’ என்னாமல் ‘கூறு’ என்றதற்கும் காரணம் உண்டு. இந்த வாசகம் சட்டப் பிரிவில் வரலாம், அரசியலமைப்பில் வரலாம், அட்டவணையிலும் வரலாம். நம் கையேட்டுக்கு முக்கியமானது அட்டவணையில்தான் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, இரண்டாம் பிரிவு: குடியுரிமை பற்றிய பாகத்தின்கீழ்க் கூட்டரசு அரசாங்கம் எடுக்கும் முடிவு எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டுக்கோ மறுஆய்வுக்கோ உட்படாது.

‘நீதிமறிப்பு’ என்று இன்னும் சுருக்கலாமா என்றும் ஒரு யோசனை. ஐயா சொல்லுங்கள்.

---

தங்கைக்கு வணக்கம்.

‘நீதிமறிப்பு’ வேண்டாம். அது நீதியையே மறுக்கிறார்கள் என்று குற்றம் சாட்டும் சொல். சட்டச் சொல்லை வழக்குப் போடுபவரும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தாரும் ஒரே வாக்கியத்தில் பயன்படுத்த முடிய வேண்டும். மறிக்கப்படுவது மன்றம், அது சரியா தவறா என்பது பிறகு வாதாட வேண்டிய விஷயம். ‘மன்றமறிப்பு’ நிற்கட்டும். இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறைக்காவல் (விளக்கமறியல் என்பார்கள்). அங்குள்ளவர்கள் படித்தாலும் ‘மறிப்பு’ என்ற வடிவம் குழப்பாது.

ஆனால் சொல்லுக்கு நீங்கள் தரும் விளக்கத்தில் ஒன்றைத் திருத்த வேண்டும். ‘மறிக்கிறது’ என்று எழுதாதீர்கள், ‘மறிக்க முயல்கிறது’ என்று எழுதுங்கள். எவ்வளவு மறிக்கிறது என்பதை நீதிமன்றங்கள்தாம் சொல்லிவந்திருக்கின்றன, ஒரே மாதிரியும் சொல்லவில்லை. நீங்கள் காட்டிய அதே ஐந்து வினைகளை, அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1980-இல் சௌத் ஈஸ்ட் ஏசியா ஃபயர் பிரிக்ஸ் வழக்கில் படித்து, அதிகார வரம்பை மீறாத சாதாரணச் சட்டப் பிழையானால் மறிப்பு செல்லும் என்றது. 1995-இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிளந்தான் மலாய் வாகன நிறுவன வழக்கில், சட்டப் பிழை செய்ய எந்தத் தீர்ப்பாயத்துக்கும் அதிகாரமே கிடையாது என்று அந்தப் பாகுபாட்டை உடைத்தது. மறிப்புக் கூறின் வாசகம் அப்படியே இருந்தது, அதன் வலு மட்டும் மாறியது.

1988-ஐயும் ஒரு பத்தியில் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு அரசியலமைப்பின் 121(1)-ஆவது விதியைத் திருத்தி, ‘கூட்டரசின் நீதி அதிகாரம்’ உயர் நீதிமன்றங்களிடம் உள்ளது என்ற வாசகத்தை எடுத்துவிட்டார்கள். கூட்டரசுச் சட்டம் கொடுக்கும் அதிகாரம்தான் அவற்றுக்கு என்றானது. அப்படியானால் நாடாளுமன்றம் நினைத்தால் எதையும் மறிக்கலாமே என்ற வாதத்துக்கு அதுவே ஊன்றுகோல். 2017-இல் செமினி ஜெயா வழக்கிலும், மறு ஆண்டு நம் ஈப்போவிலிருந்து போன இந்திரா காந்தி (பிள்ளைகளின் ஒருதலை மதமாற்றத்தை எதிர்த்த தாய்) வழக்கிலும் கூட்டரசு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நீதி அதிகாரம் நீதிமன்றத்திடமே இருக்கிறது, மறுஆய்வு அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்றது. செமினி ஜெயா நில எடுப்பு வழக்கு. இழப்பீட்டுத் தொகையை நீதிபதிக்குப் பதில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் முடிவு செய்யும், நில எடுப்புச் சட்டத்தின் 40டி பிரிவு அதில் விழுந்தது. தோட்ட நிலம் கைமாறும் ஊர்களில் இதை விளக்கினால் உடனே புரியும்.

இத்தோடு நிறுத்தினால் மக்களை ஏமாற்றியதாகும். 2021 ஜனவரியில், வெளிநாட்டுப் பயணத் தடையை எதிர்த்த மரியா சின் வழக்கில் அதே கூட்டரசு நீதிமன்றம், குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவு செல்லும் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டும் அந்தப் பிரிவு நீதிமன்றத்துக்கு விட்டுவைக்கிறது. உங்கள் ‘பகுதிமறிப்பு’க்கு நல்ல எடுத்துக்காட்டு. குடியுரிமை மறிப்பு இதைவிடக் கடினம்: அது அரசியலமைப்புக்கு உள்ளேயே இருப்பதால், அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி அதை எளிதில் வீழ்த்த முடியாது.

---

ஐயா, மிக்க நன்றி. ‘மறிக்க முயலும்’ என்று மாற்றிவிட்டேன்.

குடியுரிமைப் பக்கத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். 14-ஆவது விதிப்படி பிறப்பிலேயே குடிமகன் என்று கோருபவர் விஷயத்தில், அரசாங்கம் மனம்வைத்துக் கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை, சட்டமே கொடுத்துவிடுகிறது என்று வாதிட்டு, ‘இவர் குடிமகன்’ என்ற நீதிமன்ற அறிவிப்புக் கேட்கலாம். பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய அரசுக்குச் சிறப்பதிகாரம் தரும் 15ஏ விதியின்கீழ் விண்ணப்பித்து மறுக்கப்பட்ட பிள்ளைக்கு மறிப்பு நேரே எதிரில் நிற்கும், அங்கே மறுஆய்வுதான்.

அதற்கான படிகள்: மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியைக் கடித உறையோடு பத்திரப்படுத்த வேண்டும். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள், 2012 நீதிமன்ற விதிகளின் 53-ஆம் ஆணைப்படி, படிவம் 109-இல் உயர் நீதிமன்றத்திடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அறிக்கையும் சத்தியக் கடிதமும் இணைக்க வேண்டும். விசாரணைக்கு மூன்று நாளாவது முன்னதாகச் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் 14 நாளுக்குள் படிவம் 110. நம்மவர்கள் தவறுவது முதல் படியில்தான்: மறுப்பு வந்ததும் அதே முகப்பில் புதிய விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள், மூன்று மாதம் ஓடிவிடுகிறது. தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் காலத்தை நீட்டலாம், ஆனால் காத்திருந்தேன் என்பது போதாது என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.

---

நல்லது தங்கை. சொற்பட்டியலில் ‘மன்றமறிப்பு’க்கு எதிரே அரசியலமைப்பின் 150(8)-ஐயும் சேருங்கள். அவசரகாலப் பிரகடனத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கக்கூடாது என்று 1981-இல் நுழைத்த கூறு அது. 1948 ஜூனில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கிய சுங்கை சிப்புட்டில், அந்த ஒன்றை மட்டும் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. ‘பகுதிமறிப்பு’க்கு 59ஏ போதும். ‘இறுதிநிலைக் கூறு’க்கு முன்னால் ஒரு வரி விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒட்டி வந்தால் பழைய குழப்பம் திரும்பிவிடும்.